பெஞ்சின் ஓரத்துப் பேதுரு

முழங்கால்கள் இரண்டையும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வழிவிடுவார். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க ஆலயமே எழுந்து முன்னால் போகிற நேரம். பெஞ்சின் ஓரத்தில் அவர், அடுத்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அதற்கப்பால் இரண்டு குடும்பங்கள். எல்லோரும் அவருடைய முழங்கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். பெஞ்சில் அவர் மட்டும் மீதி. ஆறு வருடமாக இப்படித்தான்.

பூட்டு, சாவி வேலை செய்கிறவர். ஆலயத்தில் எல்லோருக்கும் அவர் பேதுரு. பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. இயேசு பரலோகத்தின் திறவுகோல்களைக் கொடுத்தது சீடர் பேதுருவிடம் என்பதால் டீச்சர் வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. "பேதுருவே, மேல ஒரு டூப்ளிகேட் போட்டு வைங்க. எனக்கு வயசாகுது, வாசல்ல நிக்க வச்சிராதீங்க" என்பார் டீச்சர்.

"உங்களுக்குச் சாவியே வேணாம் டீச்சர். நீங்க வாசல்ல நின்னு கணக்குக் கேட்டாலே உள்ள இருக்கிறவங்க பயந்து திறந்துருவாங்க."

வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. கையை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும். சாவி வெட்டும் இயந்திரம், ஆணிகளில் தொங்கும் வெற்றுச் சாவிகள், ஒரு முக்காலி. பித்தளைத் துகள் விரல் ரேகைகளுக்குள் இறங்கி, அவர் கும்பிடும்போதெல்லாம் லேசாக மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் பையை எடுத்துக்கொண்டு போவார். போனதும் பூட்டைத் தொட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"சொல்லுங்க" என்பார்.

"என்னத்தச் சொல்ல? அதான் போன்லயே சொன்னேனே. அடுப்புல பால் வச்சிருக்கேன்யா."

"'திறங்க'ன்னு நீங்க வாயால சொல்லணும்மா. சொன்னாத்தான் தொடுவேன்."

இந்த மனிதருக்கு என்ன கிறுக்கோ என்று திட்டிக்கொண்டேதான் சொல்வார்கள். சொல்லி முடித்த இரண்டாவது நிமிடம் கதவு திறந்திருக்கும்.

கிறுக்குக்குக் காரணம் உண்டு. அம்மா இறந்தபோது அவருடைய உடைமைகளை எல்லாம் அண்ணன் தன் வீட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அதில் அம்மாவின் வேதாகமமும் இருந்தது. ஓரமெல்லாம் அம்மாவின் பென்சில் எழுத்து, பிள்ளைகள் பிறந்த நாட்கள், காய்ச்சல் கண்ட நாட்கள். "ஒரு வாரம் பொறுடா, உட்கார்ந்து பிரிச்சுக்கலாம்" என்றார் அண்ணன். தம்பிக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதியம் அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரம், அண்ணி மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பீரோவைத் திறந்து அதை எடுத்தார். ஒரு கீறல் விழவில்லை. அதோடு, எந்தத் திருடனும் செய்யாத ஒன்றைத் தொழில் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. எடுத்த பிறகு பீரோவை மறுபடி பூட்டியது.

பூட்டின பீரோவுக்குள் பொருள் இல்லை, சாவியோ அண்ணியின் இடுப்பில். அண்ணன் வேறு யாரைச் சந்தேகப்படுவார்? மூன்று நாள் அந்த வீட்டில் அண்ணி அழுதார். மூன்று நாளும் இது தெரிந்தே தம்பி வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் வேதாகமத்தோடு போய்க் காலில் விழுந்தார்.

"பீரோவைத் திறந்ததை விட்டுருவேன். நம்ம அம்மா பொருள், உனக்கும் பங்கு இருக்கு. இவளை என் கையால மூணு நாள் அழ வச்சியே, அதை எப்படிடா விட?" என்றார் அண்ணன். வேதாகமத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவர் நேராக அண்ணன் வீட்டுக்குப் போகிறார். மூன்றாம் மாடி. மணியை ஒரே ஒரு தடவை அடிப்பார். "அண்ணே, நான்தான். தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க" என்பார். பிறகு படியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிவிடுவார். காய்ச்சலில் கிடந்த இரண்டு ஞாயிறுகளில் அதே வாசகத்தை அண்ணியிடம் போனில் சொன்னார். அண்ணி எப்போதோ மன்னித்துவிட்டார். "நான் என்ன தம்பி பண்ண? உங்க அண்ணன் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்பார்.

எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுக்க வரும்போது, "கோர்ட்டுக்குக்கூட இப்படி வாய்தா தவறாம யாரும் போக மாட்டாங்க சார்" என்பார். மனைவிக்கோ ஆற்றாமை. "ஊர்க் கதவையெல்லாம் ரெண்டு நிமிஷத்துல திறக்கிறீங்க. இந்த ஒரு கதவுக்கு ஆறு வருஷமா?"

"அது சாவி போட்டுத் திறக்கிற கதவு இல்ல."

போதகரும் சொல்லிப் பார்த்தார். "கர்த்தர் உங்களை அன்னைக்கே மன்னிச்சுட்டார். திருவிருந்துக்கு வாங்க."

"அவர் மன்னிச்சுட்டார் ஐயா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அண்ணன்கிட்ட வச்ச பாக்கியோட அவர் முன்னாடி கையை நீட்ட எனக்குக் கூச்சமா இருக்கு."

போன மாதக் கடைசி ஞாயிறு, விடாமல் மழை. மணி அடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. சாவி நுழைந்தது. பாதி திரும்பி நின்றது. மறுபடி திரும்பி, மறுபடி நின்றது. அண்ணன் கதவைத் திறக்க வந்தாரா, எங்கேயாவது கிளம்பினாரா என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தச் சத்தம் என்ன என்று அவருக்குத் தெரியும். மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு சரிந்திருப்பதை ஒரு வருடமாக ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழையில் மரமும் ஊறி, பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்தில் இறுகிவிட்டது. வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து ஒரு விரற்கடை தூக்கினால் போதும். எழுந்து கையைக் கொண்டுபோனவர், கைப்பிடிக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, கதவு இறங்கியிருக்கு. நான் இங்கிருந்து தூக்கினா உங்க சாவி திரும்பிரும். நீங்க சொன்னாத்தான் தொடுவேன்."

சாவி இன்னும் இரண்டு தடவை முரண்டு பிடித்தது.

"சொல்லித் தொலைங்களேன்" என்றது அண்ணியின் குரல். "வாயில என்ன பசையா ஒட்டியிருக்கு? மார்க்கெட்டுக்குப் போகணும். நான் என்ன ஜன்னல் வழியா குதிக்கவா?"

அவர் கை அந்தரத்திலேயே நின்றது. தோள் வலிக்கத் தொடங்கியும் இறக்கவில்லை.

"தூக்குடா" என்றார் அண்ணன்.

தூக்கினார். சாவி திரும்பியது.

கதவு ஒரு முழம் திறந்தது. அண்ணனுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கீலைப் பார்த்தார்.

"ஆறு வருஷமா வர்ற. இது ஆடுறது உன் கண்ணுல படலயா?"

"பட்டுச்சுண்ணே."

"அடுத்த வாரம் வர்றப்ப ஸ்க்ரூடிரைவர் கொண்டா."

ஞாயிற்றுக்கிழமை அவர் தொழில் கருவிகளைத் தொடுவதில்லை. இத்தனை வருடத்தில் கடைப்பையை ஆலயத்துக்குள் கொண்டுவந்ததும் இல்லை. அடுத்த வாரம், மாதத்தின் முதல் ஞாயிறு, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரின் சிவப்புக் கைப்பிடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

திருவிருந்துக்கு அழைத்தார்கள். பெஞ்சுகள் வரிசையாக எழுந்தன. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் அவர் முழங்கால்கள் திரும்புவதற்காகக் காத்திருந்தார். முழங்கால்கள் திரும்பவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். பித்தளை மின்னும் விரல்களால் முன்பெஞ்சின் முதுகைப் பற்றி, எழுந்தார்.