இரண்டாவது கீப்பரின் கதவு

1. முதல் நாள்

ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் முதல் நாள் காலை பயிற்சியாளர் மார்கரெட் என்னைக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்ச் ஓரத்துச் சின்னக் கதவைக் காட்டினார். அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கட தமிழில் எழுதுகிறேன். மற்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பேச்சும் அப்படித்தான்.

"ஹனாதான் கோலிலை நிப்பாள். நீ இரண்டாவது கீப்பர். மட்ச் நடக்கேக்கை இந்தக் கதவைத் திறந்து பூட்டு."

"அவ்வளவுதானோ?"

"அதை ஒழுங்காச் செய்தால் காணும்."

ஐஸ் ஹொக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருத்தி ஒரு நிமிசம்கூட முழுதாக ஓட மாட்டாள். களைத்துப் பெஞ்சுக்கு வருவாள். அடுத்தவள் இறங்குவாள். அதை ஷிப்ட் என்பார்கள். வருகிறவளுக்குக் கதவு திறப்பது விளையாடாமல் இருக்கிற கீப்பர். பிந்தித் திறந்தால் களைத்தவள் ஐஸிலேயே நிற்பாள். பக் கிட்ட இருக்கும்போது திறந்தால் அதைவிட மோசம். பக் என்பது கறுப்பு ரப்பர் வட்டு. அது எங்கே போகுதோ அங்கே ஆட்கள் ஐஸைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு மோதுவார்கள். கதவு அந்தச் சுவரில்தான், பெஞ்ச் பக்கமாக உள்ளே திறக்கும். திறந்த இடத்தில் மோதினால் சுவர் விளிம்பு முதுகில் இறங்கும்.

2. நான் எப்படி அங்கே

வன்னியிலிருந்து லண்டனுக்கு வரும்போது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன்னம் பள்ளிக்கூடம் பாதி, சண்டைக்குப் பயந்து ஓட்டம் பாதி. இங்கே பாடம் ஏறவில்லை. பதினாறில் விட்டுவிட்டு ஐஸில் சறுக்கும் ரிங்கில் வாடகை ஸ்கேட் சப்பாத்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். ரிங் மனேஜர் நல்ல மனுசன். ஆட்கள் வருமுன்னம் ஐஸில் இறங்க விட்டார். காசு கேட்டதில்லை. பெண்கள் அணிக்கு ஒரு நாள் கோலில் நிற்க ஆள் இல்லை. அடி விழும் இடம் என்று யாரும் போகவில்லை. நான் நின்றேன். அப்படித் தொடங்கியதுதான்.

இங்கே பெண்கள் ஹொக்கியில் சம்பளம் வாங்கும் ஆட்கள் குறைவு. எங்கள் கழகம் ஒரு சிலருக்குக் கொடுத்தது. கடைசியாக அந்தப் பட்டியலில் ஏறியவள் நான். ஒவ்வொரு வருசமும் புதுசாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

அப்பா ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் மீன் வெட்டுகிறவர். கீப்பரின் சாமான் பை ஒரு ஆள் அளவு வரும். பஸ்ஸில் ஏற்ற ஏலாது. அப்பா முதலாளியைக் கேட்டு ஞாயிறுகளில் கடையின் வான் வண்டியில் ஏற்றிப் போவார்.

"பிள்ளை, என்ர மீனை விட உன்ர பைதான் நாறுது. நாளைக்குச் சனம் மீன் பழசெண்டு சண்டைக்கு வரப்போகுது."

ஒரு முறை மாமா மட்ச் பார்க்க வந்தார். அம்மாவின் தம்பி. டூட்டிங்கில் கடை வைத்திருக்கிறார். முழு மட்சும் நான் கதவில்தான். அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"அத்தான், உங்கட மகள் விளையாடுறாளோ, கதவு திறக்கிறாளோ? கதவு திறக்கவும் வெள்ளைக்காரன் சம்பளம் தாறானோ?"

மேசை சிரித்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஓம். நல்லாத் திறப்பாள்."

எனக்கு அது காணும்.

3. திறக்காத கதவு

மூன்றாவது வருசம் ஒரு மட்ச். வென்றால் இறுதி ஆட்டம். என்னை அடுத்த வருசமும் வைத்திருப்பதா என்று அந்தக் கிழமைதான் முடிவெடுக்க இருந்தார்கள். எனக்கு அது தெரியும்.

கடைசி நிமிசங்கள். சமநிலை. கேற்றி என்பவள் எங்கள் டிபென்ஸ், கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுகிறவள். நீண்ட ஷிப்ட், நல்லாகக் களைத்துப்போனாள். பக்கைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"கதவு!"

என் கை கதவின் கொளுக்கியில். கேற்றிக்குப் பின்னால் எதிர் அணிக்காரி முழு வேகத்தில் வந்தாள். எங்கள் லீக்கில் வேண்டுமென்று இடிக்கக் கூடாது. ஆனால் அந்த வேகத்தில் அவளால் நிற்க முடியாது. கேற்றிக்கு அது தெரியவில்லை.

"கதவைத் திற!" பெஞ்ச் முழுக்கக் கத்தியது. மார்கரெட்டும் கத்தினார்.

நான் திறக்கவில்லை.

இருவரும் கதவில் வந்து மோதினார்கள். கதவு அதிர்ந்தது. கொளுக்கி பிடித்துக்கொண்டது. கேற்றி கீழே. பக் எதிர் அணியிடம். எங்களுக்கு ஒரு ஆள் குறைவு. கோல் விழுந்தது. தோற்றோம்.

உடுப்பு மாற்றும் அறையில் கேற்றி தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் திறக்கேல்லை?"

"பின்னாலை ஆள் வந்தது."

"நான் ஒருத்தரையும் காணேல்லை."

"நான் கண்டன்."

அவள் திரும்பி நின்றாள். பிறகு தன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். முதுகின் அகலத்துக்குச் சிவந்திருந்தது. பலகை அடி. விளிம்பு வெட்டிய தடம் இல்லை.

"திறந்திருந்தால்?"

பிறகு என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு ஸ்கேட் சப்பாத்தைக் கழற்றினாள்.

திரும்பும்போது வான் வண்டியில் அப்பா, "தோத்ததோ?" என்றார். ஓம் என்றேன். "கதவு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பிள்ளை நடக்குதோ?" என்று கேட்டார். நடக்குது என்றேன். "பிறகென்ன," என்று வானை எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மார்கரெட் கூப்பிட்டார். போகச் சொல்லத்தான் என்று நினைத்துப் பையையும் கட்டிக்கொண்டு போனேன்.

"நானும் திறக்கச் சொல்லித்தான் கத்தினனான்," என்றார். "நீ கேக்கேல்லை."

"ஓம்."

"அடுத்த வருசமும் கேக்காதை."

அவ்வளவுதான். பையைத் திரும்பக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன்.

4. கடைசி நாள்

கோலில் நான் நின்ற மட்ச்சுகள் குறைவு. ஹனா நல்ல கீப்பர். காய்ச்சல் வந்தாலும் வருவாள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் விடாமல் எனக்குச் சொல்லித்தந்தவளும் அவள்தான்.

முழங்கால் பழுதானதும் விளையாட்டை நிறுத்தினேன். கடைசி மட்ச்சின் கடைசிப் பகுதிக்கு மார்கரெட் என்னை இறக்கினார். ஒரு கோல் விட்டேன். மற்றதெல்லாம் பிடித்தேன். வென்றோம். அப்பா வந்திருந்தார். மாமாவும் வந்திருந்தார், தானாக.

இப்போது ஸ்கேட் போடும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். உங்களுக்குக் கோல் தராமல் கதவைத் தந்தால் கதவைப் பாருங்கள். ஓடுகிறவளுக்கு முன்னால் உள்ளது தெரியும். பின்னால் வருவது நிற்கிறவளுக்குத்தான் தெரியும். எல்லாரும் கத்தினாலும் பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

அந்தக் கடைசி மட்ச் முடிந்து, மற்றவர்கள் ஐஸை விட்டுப் போனபின் பெஞ்சுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே கேற்றி கொளுக்கியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"திறவன்," என்றேன்.

அவள் என் தலைக்கு மேலால் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். ஐஸில் ஒருவரும் இல்லை.

பிறகு திறந்தாள்.