சரிந்த மலைக்கு எங்களைத் திரும்ப அழைத்துப் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலை மணி அடிக்கும் நேரம். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து புஷ்பராணி அக்காவின் மகள் கவிதா அழைத்தாள்.

"டீச்சர், அம்மா போயிட்டாங்க."

அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவர்களை உட்காரச் சொல்லக்கூட எனக்கு நினைவு வரவில்லை.

புஷ்பராணி அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் தங்கள் குழந்தைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். என் மகளும் அவர் மடியில் வளர்ந்தவள்தான். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம், "நீ தின்னாட்டி நான் தின்னுருவேன்" என்று வாயை அகலத் திறந்து காட்டுவார். உடனே பிள்ளை பதறிப்போய் வாயைத் திறந்துவிடும்.

மண்சரிவு நடந்த அன்று பகல் முழுக்க மழை. தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் மலை உறுமும் சத்தத்தை முதலில் கேட்டவர் அவர்தான். கணவர் மாரிமுத்து அண்ணன் காய்ச்சலோடு அந்த லயத்தில் படுத்திருந்தார். பிள்ளைகளோ அக்காவின் கையில். கைக்குழந்தைகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு, நடக்கத் தெரிந்தவர்களைச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கோயில் பக்கம் ஓடினார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். மேல் லயம் மண்ணுக்குள் போனது.

அன்றும் மறுநாளும் அவர் வீட்டு நாய் ஜிம்மி ஓரிடத்தையே பறண்டிக்கொண்டிருந்தது. தேட வந்தவர்கள் அதை விரட்டப் பார்த்தார்கள்.

"அத விரட்டாதீங்க ஐயா. அதுக்குத் தெரியும்," என்றார் அக்கா.

அங்கே தோண்டினார்கள். மாரிமுத்து அண்ணன் அங்கேதான் இருந்தார்.

நாங்களெல்லாம் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். நாய்களை உள்ளே விடவில்லை. அவை இடிந்த லயத்தின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தன. மிஞ்சிய சோற்றை வாளியில் எடுத்துக்கொண்டு அக்கா தினமும் மேலே ஏறினார். ஒருநாள் துணைக்குப் போனேன். வழியில் அவராகவே சொன்னார்: "புள்ளைங்கள விட்டுட்டு அவரத் தூக்க ஓட முடியுமா டீச்சர்? ஆனா அவரு என்னயக் கூப்பிட்டுருப்பாருல்ல?" அவர் கையிலிருந்த வாளியை நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு எங்களுக்கு மலையடியில் புது வீடுகள் கிடைத்தன. சரிந்த மலையில் மண்ணைப் பிடித்து வைக்க மரம் நட்டார்கள். நாவல், பலா, மருது, நெல்லி, ஓரங்களில் மூங்கில். நடுவே ஒரு நடைபாதையும் போட்டார்கள். ஆனால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் அந்தத் திசையைப் பார்க்கவே பயந்தார்கள்; மழை பெய்தால் என் மகள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீடு வீடாக வந்தார். "வாங்க, ஒரு நட நடந்துட்டு வருவோம். புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. பயந்துக்கிட்டே இருந்தா இந்த மலையடியில எப்புடிக் குடியிருக்கிறது?" முதல் வாரம் எங்கள் வீட்டாரும் இன்னொரு குடும்பமும் மட்டும் போனோம். மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். ஜிம்மி முன்னால் ஓடி, திரும்பி வந்து அவள் காலை முகர்ந்தது. பாதி வழியில் அவள் என் கையை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினாள். வாரத்துக்கு வாரம் ஆட்கள் கூடினார்கள். நாய்களும் கூடின.

மரக்கன்றுகள் சிலவற்றை நாய்கள் கிளறிவிட்டன. மரம் நட்ட அமைப்பைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் கூட்டம் போட்டு, "குடும்பங்கள் தாராளமாக வரலாம், நாய்கள் வேண்டாம்" என்றார். அக்கா எழுந்து நின்றார்.

"ஐயா, எங்க வீட்டு ஆளு மண்ணுக்குள்ள எங்க கெடக்காருன்னு மனுசங்க யாருக்கும் தெரியல. இந்த நாய்தான் காட்டிக் குடுத்துச்சு. அது வரக் கூடாதுன்னா நானும் வரல."

அந்த அதிகாரி தலைகுனிந்தார். கயிற்றில் கட்டி அழைத்து வரலாம் என்று முடிவானது. அடுத்த ஞாயிறு, பழைய சேலைகளைக் கிழித்துத் திரித்த கயிறுகளோடு பாதை தொடங்கும் இடத்தில் நின்றார் அக்கா. கயிறில்லாமல் வந்த நாய்களுக்கெல்லாம் அவரே கட்டிவிட்டார்.

போன வருடம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஏற முடியாதபோதும் பாதை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். இறங்கி வரும் பிள்ளைகளிடம் "என்னா பாத்தீங்க, சொல்லுங்க" என்று கேட்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவிதாவ ஒரு தடவ மேல கூட்டிட்டுப் போங்க டீச்சர். அப்பா போனதுலருந்து அவ அந்தப் பக்கமே வரல. நான் கேட்டுப் பாத்துட்டேன். நீங்க கூப்பிட்டா வருவா."

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கவிதாவைக் கூப்பிட்டேன். கொழும்பில் வேலை செய்யும் பெண். விடுமுறையில் வந்தாலும் வீட்டோடு இருந்துவிட்டுப் போய்விடுவாள். அன்று உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். யாரும் அழைக்காமலே எல்லாக் குடும்பங்களும் வந்திருந்தன.

மேலே, லயம் இருந்த இடத்தில் கவிதா நின்றாள். அங்கே நட்டிருந்த மரங்கள் இன்னும் அவள் தோளுயரம்கூட வளரவில்லை. "எங்க வீடு எது டீச்சர்?" என்றாள். நான் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு, "அப்பா, அம்மாவும் வந்துட்டாங்கப்பா" என்று கதறினாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தோம். எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

அக்கா, நீங்கள் கேட்டபடி அவளை அழைத்து வந்துவிட்டேன். இனி அண்ணனோடு இருங்கள்.