மாப்பிள்ளைக்குப் போன பாராட்டு

வந்தனா எந்த ஹெட்போனையும் தோட்டைக் கழற்றாமல்தான் போட்டுப் பார்ப்பாள். கல்யாணத்தன்று காதில் ஏறிய ஏழு கல் தோடு. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை, படுக்கும்போதும் இல்லை.

"அதைக் கழட்டி வெச்சுட்டுக் கேளேன் அக்கா. அஞ்சு நிமிஷம்தானே" என்று தம்பி ஜெயராம் முதல் நாளே சொல்லிப் பார்த்தான்.

"நாள் பூரா இதை மாட்டிண்டு வேலை பண்றவ, தோட்டைக் கழட்டி மேஜை மேல வெச்சுண்டா உக்காருவா? லோக்கல் ட்ரெயின்ல தொங்கிண்டு போறவ கழட்டிப் பையில போட்டுப்பாளோ? தோட்டோட என்ன ஆறதுன்னு பாக்கறதுதாண்டா டெஸ்ட்."

ஜெயராம் சிரித்தான். ஆனால் அவன் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எது விலைபோகும் என்று அவனுக்குச் சட்டென்று புரிந்துவிடும். இணையத்தில் ஹெட்போன்களைப் பற்றிப் பேசுகிற ஆயிரம் ஆண்பிள்ளைகளில் ஒருவன்கூடத் தோட்டைப் பற்றிப் பேசியதில்லை. அப்படித்தான் அவர்களுடைய சேனல் பிறந்தது. சத்தத்தைப் பற்றி ஜெயராம் பேசுவான், சுகத்தைப் பற்றி வந்தனா பேசுவாள். கொஞ்ச நாளிலேயே பார்ப்பவர்கள் அவளைத் 'தோடு ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பார்க்கப்போனால் இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் செம்பூரில் கிடைத்திருக்க மாட்டாள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து மாட்டுங்காவில் தங்கி, பிறகு செம்பூரில் நிலைத்த குமாஸ்தா குடும்பம் அவளுடையது. பி.காம். முடித்த கையோடு ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்தாள். வக்கீல் டேப்பில் பேசிவைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவார். வந்தனா காதில் மாட்டிக்கொண்டு, காலால் மிதியை அழுத்தி அழுத்தி டேப்பை ஓட்டித் தட்டச்சு செய்வாள். அடுத்து வாஷியில் ஒரு கம்பெனி. அமெரிக்க டாக்டர்கள் வாயில் முணுமுணுப்பதையெல்லாம் எழுத்தாக்கி அனுப்பும் வேலை. சிப்ஸ் மென்றுகொண்டே நோயாளியின் ஈரலைப் பற்றிப் பேசுகிற டாக்டர், கார் ஓட்டிக்கொண்டே பேசுகிற டாக்டர், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற டாக்டர் என்று அவர்கள் முகம் தெரியாமலே அவர்களுடைய வீட்டையும் சாலையையும் அவளுக்குத் தெரியும். பேச்சுக்குப் பின்னால் கிடப்பதைக் காது தானாகவே பொறுக்கிக்கொள்ளும். அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யக் கற்றுக்கொண்டதும் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தவளை மறுபடியும் ஹெட்போனுக்கு இழுத்துவந்தவன் தம்பிதான். அந்த நன்றி அவளுக்கு உண்டு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். தன் வீடியோவைத் தானே பார்க்க மாட்டாள். "ஊரார் குரலைக் கேட்டே காது தேஞ்சு போச்சு. என் குரலை வேற நான் கேக்கணுமா?" என்பாள். வெட்டுவது, ஒட்டுவது, ஏற்றுவது எல்லாம் ஜெயராம் பார்த்துக்கொண்டான்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு ஹெட்போன்கள் வந்தன. இரண்டும் கருப்பு, இரண்டும் விலை உயர்ந்தவை. ஒன்று வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. மரப்பெட்டி, உள்ளே பட்டுத்துணி, கூடவே ஒரு கனத்த ஆம்ப்ளிஃபயர். அதில்லாமல் அதற்குப் பேச்சே வராது. வந்தனா அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். இன்னொன்று அட்டைப்பெட்டியில் அடக்கமாக வந்தது. போனில் செருகினாலே பாடும். அது 'குமாஸ்தா'.

மாப்பிள்ளையை அசைக்க முடியாததால் வாஷியில் ஜெயராமின் பிளாட்டில் வைத்தே கேட்டாள். உயரமான கட்டடம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், தெருச் சத்தம் எட்டிப்பார்க்காது. பாட்டைப் போட்டதும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. தம்புராவின் தந்திகள் தனித்தனியே நின்றன. பாடுகிறவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆனால் அரைமணி போனதும் நெற்றிப்பொட்டு இரண்டும் கிட்டிபோட்ட மாதிரி ஆயிற்று. காதை மூடும் உறை ஆழமில்லாதது. தோடு உள்ளே இடித்து, பின்னால் திருகாணி எலும்பில் குத்தியது. கழற்றியபோது காதுமடல் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"பாட்டுக்கு நூறு மார்க். ஆனா தோடு போட்டுண்டு இதை மாட்டிண்டா காது புண்ணாயிடும். வேலைக்கு வாங்கறவா இதைத் தொட வேண்டாம்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

குமாஸ்தாவைச் செம்பூருக்கு எடுத்துவந்து, தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் ஊதித்தான் கேட்டது, தம்புரா கூழாகக் கலந்தது. ஆனால் பேச்சு தெளிவு. காதுறை ஆழம், மெத்து மெத்தென்ற துணி. சமையல், சாப்பாடு, பேப்பர் எல்லாம் முடிந்தும் அது தலையில் இருப்பதே மறந்துபோயிற்று. "நாள் பூரா போட்டுக்கலாம். தோடு இருக்கறதே தெரியலை. கண்ணை மூடிண்டு வாங்குங்கோ" என்றாள். அதை ஜெயராம் படம்பிடித்துக்கொண்டு போனான்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிய ஒரு காலையில், செம்பூர் ஸ்டேஷன் வெளியே கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். கோகிலவாணி. வாஷி கம்பெனியில் வந்தனாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பழகியவள், தாராவிக்காரி. இப்போது செம்பூரில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில், பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று கேட்டுச் சரிபார்க்கிறாள்.

"ஆன்ட்டி, ஒங்கள பார்க்கணும்னுதான் இருந்தேன்" என்று சொல்லி முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். மடல் வீங்கி, தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. திருகாணிப் பக்கம் சீழ் கோத்துக் காய்ந்த அடையாளம்.

"ஐயையோ, என்னடி இது?"

"நீங்க சொன்ன ஹெட்போன்தான் ஆன்ட்டி. ஸ்டுடியோ வேலைக்குன்னு தவணையில எடுத்தேன். மொதல்ல வலிச்சப்போ, பழக்கம் இல்லாததால வலிக்கின்னு நெனச்சேன். தோடு ஆன்ட்டியே சொல்லிருக்காவன்னு விடாம போட்டேன். தோட்டக் கழத்துனா எங்க மாமியா வீட்ட ரெண்டாக்கிருவா. இப்ப பாருங்க, டாக்டரே கழத்த வச்சிட்டாரு."

"குமாஸ்தாவா? அதாவது, அந்த அட்டைப்பெட்டியில வந்ததா?"

"அட்டைப்பெட்டியா? மரப்பெட்டில்லா ஆன்ட்டி!"

வந்தனாவுக்குக் கையிலிருந்த கொத்தமல்லி கனத்தது. "நான் அதை வாங்காதேன்னுதானேடி சொன்னேன்."

கோகிலவாணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. வயதானவர்கள் மறந்துபோய் ஏதோ சொல்லும்போது பார்க்கிற பார்வை. போனை எடுத்து வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

ஆட்டோக்களின் இரைச்சலில் வந்தனா போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். படத்தில் மாப்பிள்ளை தலையில் இருக்கிறது, மரப்பெட்டி முன்னால் இருக்கிறது. குரல் சொல்கிறது: 'நாள் பூரா போட்டுக்கலாம். தோடு இருக்கறதே தெரியலை. கண்ணை மூடிண்டு வாங்குங்கோ.' அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்தில், அவள் தெருவில் பாவ் ரொட்டி விற்கிறவனின் சைக்கிள் ஹார்ன் இரண்டு தரம் பாம் பாம் என்றது.

வாஷி பிளாட்டுக்குப் பாவ்காரன் வருவதில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. கொத்தமல்லிக் கட்டோடு அப்படியே வாஷிக்கு ரயில் ஏறினாள். மான்குர்ட் தாண்டி, பாலத்தில் வண்டி கடகடத்துக்கொண்டு போனபோது, ஏதோ தவறு நடந்திருக்கும், இரண்டும் கருப்பு, அவன் மாற்றி ஒட்டியிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே போனாள். அப்படி இருந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

ஜெயராம் வீட்டில்தான் இருந்தான். கேட்டதும், "நீதானே அக்கா சொன்னே" என்றான்.

"எதைப் பத்திச் சொன்னேன்?"

"அதைப் பத்தித்தான்."

"பாவ்காரன் இருபதாம் மாடிக்கு லிஃப்ட்ல வந்தானாடா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "அரே அக்கா, டென்ஷன் எடுத்துக்காதே. அவா அனுப்பின பீஸ். மட்டமா சொன்னா அடுத்தது வராது. குமாஸ்தா கம்பெனிக்காரன் நமக்கு ஒரு டீகூட வாங்கித் தர மாட்டான். எல்லாரும் பண்றதுதான்."

"நீ பொய் சொல்லணும்னா ஒன் வாயால சொல்லிருக்கலாமே. என் குரலை ஏண்டா எடுத்தே?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? ஒன்னைத்தானே நம்பறா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே என்ன சொன்னோம் என்று உறைத்தது போலிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். வந்தனா தொடவில்லை. அந்தப் பெண்ணின் காதைப் பற்றிச் சொன்னாள். சீழைப் பற்றிச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கடைசியில், "சரி, இப்பவே உக்காரு. திருத்திச் சொல்லிடு. நாளைக்கே ஏத்திடறேன்" என்று கேமராவை நிறுத்தினான்.

கூடப் பிறந்தவன். தலையைக் குனிந்துகொண்டவன். வந்தனா உட்கார்ந்தாள். மரப்பெட்டி ஹெட்போனின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, அந்தப் பாராட்டு அதைப் பற்றியது இல்லை, வேறொன்றைப் பற்றிச் சொன்னதை மாற்றி ஒட்டிவிட்டார்கள், வேலை செய்கிற பெண்கள் இதை வாங்க வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். நடுவில், காதுக்குக் காது வித்தியாசம் உண்டு, வலித்தால் உடனே கழற்றி வைத்துவிடுங்கள், வலியைப் பழக்கம் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னாள்.

மறுநாள் வீடியோ வந்தது. இந்தத் தடவை வந்தனா பார்த்தாள்.

வீடியோ மிகச் சிறியது. அவள் முகம், அவள் தோடு. 'காதுக்குக் காது வித்தியாசம் உண்டு. வலிச்சா ஒடனே கழட்டி வெச்சுடுங்கோ.' அவ்வளவுதான். பிறகு ஜெயராம் வந்து, தோடு ஆன்ட்டியின் டிப்ஸ் எப்படி என்று பல்லைக் காட்டிக் கேட்டான். கீழே பார்த்தவர்கள் போட்ட இதயக் குறிகள் குவிந்திருந்தன. பழைய வீடியோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன் அடியில் வந்தனா தமிழில் உண்மையை எழுதினாள். கைபேசியில் தமிழ் தட்டிப் பழக்கமில்லை, வெகுநேரம் பிடித்தது. குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. மறுபடியும் எழுதினாள். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை எழுதவே இடம் கொடுக்கவில்லை.

கோகிலவாணிக்குப் போன் செய்தாள்.

"பார்த்தேன் ஆன்ட்டி. வலிச்சா கழத்திரச் சொல்லுதீய."

"அது நான் சொன்னது இல்லேடி. சொன்னதுல பாதியை ஜெயராம் வெட்டிட்டான். மொதல் வீடியோவுலயும் அவன்தான் மாத்தி ஒட்டினான். நான் குமாஸ்தாவைத்தான் நன்னா இருக்குன்னு சொன்னேன். பின்னாடி பாவ்காரன் ஹார்ன் கேக்கறது பாரு, அது எங்காத்து ஜன்னல்..."

எதிர்முனையில் ஸ்டுடியோவில் யாரோ எதையோ திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி பொறுமையாக இருந்தாள்.

"தம்பி மேல போடாதீய ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. "தெரியாம சொல்லிட்டேன்னு சொன்னாப் போதாதா? நான் என்ன சண்டைக்கா வந்தேன்?"

"நான் சொல்லவே இல்லேடி."

"ஒங்க குரல்தானே ஆன்ட்டி. எனக்குத் தெரியாதா? வருசக்கணக்கா பக்கத்துல உக்காந்து கேட்டவ நான்."

"நேர்ல வந்து சொல்றேன். நாளைக்கு வரேன்."

"எதுக்கு அலைச்சல்? காது ஆறிட்டு வருது. வைக்கட்டா?"

வைத்துவிட்டாள். வந்தனா போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயராமின் பெயர் திரையில் வந்து, அடித்து, நின்று, மறுபடியும் அடித்தது. அவனுக்கு அடுத்த ஹெட்போன் வந்திருக்கும். அவள் எடுக்கவில்லை. எடுத்தால் ஹலோ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக்கூட அவனிடம் கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.