டீச்சரைப் பார்க்கப் போன யூனியன்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒருநாள் டீச்சர் என் நோட்டில், 'அப்பாவை நாளை வந்து பார்க்கச் சொல்லவும்' என்று எழுதி அனுப்பினார். சிவப்பு மையில் வேறு. காரணம் எழுதவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கு தேவாலா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபேக்டரி வேலை. அங்கே ஒருவரை ஆபீஸுக்கு வரச் சொன்னால் நல்லதற்கு இருக்காது. சஸ்பெண்ட் செய்வார்கள், இல்லையென்றால் வேலையை விட்டே நிறுத்துவார்கள். பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்பது அப்பாவின் எண்ணம்.

"என்ன புள்ள செஞ்ச?" என்றார்.

"ஒண்ணும் செய்யலப்பா."

ஆபீஸில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்கிற பதில் அதுதான் போலிருக்கிறது. அப்பாவின் முகம் இன்னும் வாடிவிட்டது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, தீபாவளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கூடவே மாமா. மாமா எங்கள் எஸ்டேட்டில் யூனியன் தலைவர். விசாரணை என்றால் தொழிலாளிக்காகப் பேச யூனியன் ஆள் கூடப் போவது வழக்கம். கக்கத்தில் ஃபைலும் வைத்திருந்தார்.

டீச்சர் நாற்காலியைக் காட்டியும் அப்பா உட்காரவில்லை. மாமா உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"புள்ள மேல என்ன புகாருங்க டீச்சர்? எழுத்துல குடுத்துடுங்க. எங்க விளக்கத்தக் கேக்காம நிறுத்தக் கூடாது. இது மொத தடவ வேற."

டீச்சர் கோயம்புத்தூர்க்காரர், வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"புகார் ஒண்ணும் இல்லைங்க. புள்ளைக்கு போர்டுல எழுதறது தெரியறதில்லைங்க. பக்கத்துப் புள்ளையப் பாத்துத்தான் எழுதறா. கண் டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லலாம்னுதானுங்க வரச் சொன்னேன்."

மாமாவுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் வெறுங்கையோடு திரும்புகிற ஆளா அவர்? "அதையும் எழுத்துல குடுத்துடுங்க" என்று வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப, புள்ள நாளைக்கும் வரலாமுங்களா?"

"வரட்டுங்க" என்றார் டீச்சர். அப்பா அதையே மறுபடியும் கேட்டார். வாசலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மூக்குக் கண்ணாடிக்கு யூனியனைக் கூட்டி வந்த மனிதர் என்று அப்பாவைப் பல வருஷம் கேலி செய்தேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நான் காலேஜில் சேர்ந்த அன்று மாமாதான் சொன்னார். அவரும் அப்பாவும் ஐந்தாவது ஒன்றாகப் படித்தவர்கள். அப்போது தாத்தா சிலோனிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து அவரை வரச் சொன்னார்கள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஏதாவது வேலை பழக்குங்கள் என்றார் வாத்தியார். தாத்தா கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லி அப்பாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

தாத்தா அன்று தனியாகப் போயிருந்தார்.