வெயிலில் பிடித்துப் பார்த்த ஃபிலிம்

எனக்கு ஒரு இடத்துல கால் நிக்காது. பட்டுக் கடையில புடவை எடுத்துப் போடுற வேலைக்கு அது சௌகரியம். ஸ்கேன் சென்டர்ல சித்திரவதை. உள்ளே மெஷினுக்குள்ள என் தங்கச்சி படுத்திருந்தா. கொஞ்ச நாளா அவளுக்கு வலது கை மரத்துப் போயிக்கினே இருந்தது. "காலேஜ் பஸ்ல கம்பியைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியலக்கா"ன்னு சொன்ன அன்னிக்கே எனக்கு பாதி உயிர் போச்சு. தலையை ஸ்கேன் எடுங்கன்னு டாக்டர் சொன்னதும் மீதி உயிரும் போச்சு.

தறிச் சத்தத்துல வளந்தவ, மெஷின் போட்ட சத்தத்துக்கு அசையாம கிடந்தா. வெளிய நான்தான் நடந்துக்கினு இருந்தேன். "உக்காரும்மா, பார்க்கவே தலை சுத்துது"ன்னார் பக்கத்துல ஒரு பெரியவர். உக்காரவா வந்தேன்?

எல்லாம் முடிஞ்சு ஃபிலிம் கைக்கு வந்தது. டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம். அதுவரைக்கும் யார் பொறுக்கிறது? "வாசலுக்கு வாங்கம்மா, வெயில்லதான் நிஜக் கலர் தெரியும்"னு நாள் முழுக்க புடவைக்குச் சொல்ற வாய் இது. தங்கச்சியை பெஞ்சுல விட்டுட்டு, ஃபிலிமை வாசலுக்கு எடுத்துக்கினு போய் வெயிலுக்கு நேரா பிடிச்சேன்.

ஐயோ! மண்டைக்குள்ள ஒரு ஓரமா புளியங்கொட்டை அளவு வெள்ளை. அடுத்த ஃபிலிம்ல அதே இடம் கன்னங்கரேல்னு இருக்குது. வந்துச்சே கோபம்! நேரா போய் ஸ்கேன் எடுத்தவரைப் பிடிச்சேன். "யார் தலையை யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் கோவிச்சுக்கல. "ரெண்டும் உங்க தங்கச்சிதாம்மா. மெஷின்ல செட்டிங்கை மாத்தி மாத்தி வச்சு எடுப்போம். இதுல தண்ணி வெள்ளையா தெரியும். இன்னொண்ணுல தண்ணியை மட்டும் கறுப்பாக்கிடுவோம். தண்ணியா இல்லாம வேற ஏதாவது வெள்ளை இருந்தா, அது கறுக்காம நிக்கும். அதைத்தான் டாக்டர் பார்ப்பாரு."

அப்ப அந்தப் புளியங்கொட்டை வெறும் தண்ணி! எனக்கு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துடுச்சு. தங்கச்சியை வாசலுக்கு இழுத்துக்கினு வந்து, ரெண்டு ஃபிலிமையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு, என்னமோ நானே மெஷினைக் கண்டுபிடிச்ச மாதிரி விளக்கினேன். "பார்த்தியாடி, இதுல வெள்ளை, இதுல கறுப்பு. கறுத்துட்டா பயமில்ல. வீணா என்னை நாயா அலைய விட்டியே!"

அவ என்னை மாதிரி இல்ல, நிதானம். கட்டம் கட்டமா பார்த்துக்கினே வந்தா. அப்புறம் இடது கை விரலை முதல் ஃபிலிம்ல ஒரு இடத்துல வச்சா. அரிசி அளவுதான், வெள்ளை. விரல் அடுத்த ஃபிலிமுக்கு நகர்ந்தது. அதே இடம். அங்கயும் வெள்ளை.

"இது கறுக்கலியேக்கா."

"வெயில் கண்ணைக் கூசுதுடி"ன்னேன். "ஒண்ணுமே சரியா தெரியல. உள்ள வா."