பிரிண்டில் விழாத அம்மா

என் அக்காவைச் சொந்தக்காரர்கள் 'கத்தரி' என்றுதான் சொல்வார்கள். போட்டோ ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் வேலை. கையில் எப்போதும் கத்தரிக்கோல். வாயும் அப்படித்தான்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழைய நெகட்டிவ்களை மூட்டை கட்டிக் குப்பையில் போடச் சொன்னார் முதலாளி. அக்கா மூட்டைகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, நெகட்டிவ்களை வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துப் படம் போடத் தொடங்கினாள். மணமக்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். குழாயிலிருந்து முதலாளியின் தலை சொட்டும்.

"குளிக்கப் போனா உங்க முதலாளி மூஞ்சிலதான் முழிக்கணுமா?" என்பார் அக்காவின் கணவர்.

போன மாதம் அம்மா போய்விட்டாள். சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். எங்கள் வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றையும் எடுத்தது அந்த ஸ்டுடியோதான். ஆல்பம் ஆல்பமாக அப்பா, பெரியப்பா, அண்ணன். அம்மா மட்டும் இல்லை.

ஏன் என்று அக்காவுக்குத் தெரியும். நெகட்டிவில் அம்மா இருந்தாள். ஓரத்தில், தட்டோடு, திரும்பி நின்றுகொண்டு. ஓரத்தில் குறுக்கே வருகிறவர்களைப் பிரிண்டில் விழாமல் மறைத்துவிடுவது அங்கே வழக்கம். வருஷக்கணக்காக அம்மாவை மறைத்தது அக்காவின் கைதான்.

மூட்டைகளைக் கொட்டித் தேடினாள். ஒரு முழங்கை கிடைத்தது. பின்னங்கழுத்து. குனிந்த முதுகு. தட்டைப் பிடித்த விரல்கள், நிறைய. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உருவமாகப் பெரிதாகப் போட்டாள். எக்கச்சக்கமான கைகள், கைக்கொரு சுமை, முகம் காட்டாத ஒரு பெண்.

அண்ணன் கத்தினான். "இதையா மாட்டறது? பைத்தியமாடி உனக்கு? வர்றவன் சிரிப்பான்."

அவன் வேறொரு படத்தோடு வந்திருந்தான். அடையாள அட்டையிலிருந்த அம்மாவின் முகம். கீழே பட்டும் நகையுமாக யாரோ ஒருத்தியின் உடம்பு.

"இந்த உடம்பு யாருது?" என்றாள் அக்கா.

"யாருதா இருந்தா என்ன? பாக்க லட்சணமா இருக்குல்ல?"

"நான் ஒட்டினா பைத்தியம், நீ ஒட்டினா படமாண்ணே?"

"அம்மா ஒரு தடவையாவது நேரா நின்னு எடுத்துக்கிட்டிருக்கலாம்."

"நிக்க விட்டியா? நீ தின்ன தட்டைத்தானே தூக்கிட்டு நிக்கிறா!"

"ரெண்டையும் மாட்டிடலாமே," என்றார் அக்காவின் கணவர். இருவரும் பார்த்த பார்வையில் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணன் தன் படத்தை மாட்டினான். சித்தி வந்தாள், அதன் முன் நின்று அழுதாள். "எங்கக்கா அப்படியே உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு!"

அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. படத்தை இறக்கி, சட்டத்திலிருந்து உருவி, கழுத்தோடு வெட்டினாள். முகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு உடம்பை அண்ணனிடம் நீட்டினாள்.

"இந்தம்மாவ அவங்க வீட்ல விட்டுட்டு வா."

மறுநாளே அண்ணன் இன்னொரு பிரதி எடுத்து மாட்டிவிட்டான். கம்ப்யூட்டர் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கும். வருகிறவர்களெல்லாம் அந்த யாரோ ஒருத்திக்குத்தான் அழுதுவிட்டுப் போகிறார்கள். அக்கா இப்போது அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. அம்மாவின் கைகள் என் அறைச் சுவருக்கு வந்துவிட்டன.

அக்கா செய்தது அதிகப்படி என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள், முதலில் தங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிவிட்டு வரட்டும்.