அக்கா நடந்த என் கிலோமீட்டர்கள்

ஐம்பத்தோரு வயதில் இவருக்கு எதற்கு ஜி.பி.எஸ். வாட்ச் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் வாங்காமல் இருந்திருப்பேன். மனைவி மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பெருசா இருக்கு," என்றாள். கட்டிய முதல் வாரம், பாச்சாங்கில் எங்கள் வீட்டிலிருந்து ரொட்டி சானாய் கடைக்குப் போய் வந்ததைக்கூட நடைப்பயிற்சி என்று பதிவு செய்தேன். நடந்தது எழுநூறு மீட்டர், தின்றது மூன்று ரொட்டி.

வாட்ச் வாங்கக் காரணம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு. வாரந்தவறாமல் புக்கிட் பெருவாங் குன்றில் ஏறி இறங்கி, கீழே வந்து தே தாரிக் டீ குடிப்பவர்கள் நாங்கள். தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், யாழ்ப்பாணத்துக் குடும்பம். எல்லாருக்கும் அவர் 'சார்'தான். அவர் ஒருநாள் லேடாங் மலைக்குப் போகலாம் என்று அறிவித்தார். மலை ஏறும் பெர்மிட்டுக்குப் பத்துப் பெயர். ஆறு வாரம் பயிற்சி, வாரம் முப்பது கிலோமீட்டர். ஒவ்வொருவரும் வாட்ச் காட்டும் கணக்கைக் குழுவில் போட வேண்டும். குறைந்தவர் பெயர் அடிக்கப்படும்.

"மனுசர் பொய் சொல்லலாம், வாட்ச் பொய் சொல்லாது," என்றார் சார். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

என் அக்கா செலண்டாரில் இருக்கிறாள். தினமும் காலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. குலையை வெட்டும்போது சிதறும் பழங்களை மரத்துக்கு மரம் குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்க்க வேண்டும். அவள் வீட்டின் பின்னால் துணி காயப்போடும் கொடிக்கு நேர் எதிரே, மேகம் இல்லாத நாளில் லேடாங் மலை முழுசாகத் தெரியும். நான் மலைக்குப் போகிற செய்தியைச் சொன்னபோது கையில் இருந்த துணியைக் கொடியில் போடாமல் நின்றாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போறியா தம்பி? முப்பது வருசமா இங்கேர்ந்தே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்த முட்டிய வெச்சிக்கிட்டா? நல்லா ஏறுவ போ," என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் வாரம் தட்டுத்தடுமாறி முப்பதைத் தொட்டேன். இரண்டாவது வாரம் மழை. பிறகு ஒரு கல்யாண விருந்து, அந்த விருந்தின் அசதி, மறுபடியும் மழை. சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பத்தொன்பது கிலோமீட்டரில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா தலையில் துணி கட்டி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதையும் தாண்டி, ஆட்டத்தையே வேறொருத்தியிடம் ஒப்படைத்தேன்.

"அக்கா, இத கொஞ்சம் கட்டிக்கிட்டுப் போயேன். சரியா ஓடுதான்னு டெஸ்ட் பண்ணணும்."

"ஐயோ, அழுக்காயிடும்டா."

"ஆகட்டும்லா. தோல்ல ஒட்டி இருக்கணும், அவ்வளவுதான்."

அவள் போனதும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்தேன். மதியம் ஒரு மணிக்கு அவள் வந்து கையை நீட்டினாள். பதினொரு கிலோமீட்டர் முன்னூறு மீட்டர். வாட்ச் என் பெயரைச் சொல்லி, அபாரம், இன்று உங்கள் சாதனை நாள் என்றது. அக்கா ஊற்றிக் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே குழுவில் போட்டேன். சார் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பினார்.

அதற்கப்புறம் சனியும் ஞாயிறும் எனக்குச் செலண்டாரில்தான் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைக் குன்றுக்கு வரமுடியாது, தோட்டத்தில் நடக்கிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு என் வாட்ச் பழகிவிட்டது. மூன்றாம் வாரம், "மணி பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள். எனக்கோ புகழ் பழகிவிட்டது. என் உடம்பின் வயது முப்பத்தாறு என்று வாட்ச் சொன்னது. அதை மனைவியிடம் காட்டினேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

வினை சார் ரூபத்தில் வந்தது. வாட்ச் பதிந்த என் நடை வரைபடத்தை அவர் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். மரங்களுக்கு நடுவே நேர்நேராகக் கோடுகள். போய், திரும்பி, மறுபடி போய், ஆறு மணி நேரம். இதயத் துடிப்பு நூற்றுப் பத்தைத் தாண்டவில்லை.

"இது புது மெத்தட்," என்று போனில் சொன்னார். "பத்தடிக்கு ஒருக்கா நிக்கிறீர், திரும்ப நடக்கிறீர். ஆனா களைப்பே இல்லை. வாற ஞாயிறு எல்லாரும் உம்மட தோட்டத்துக்கு வாறம். எங்களுக்கும் சொல்லித் தாரும்."

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் மாடு முட்டும் என்றேன். பாம்பு இருக்கிறது என்றேன். பாம்பு லேடாங்கிலும் இருக்கும், நல்ல பயிற்சி என்றார் சார். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்றால், என்னவென்று சொல்வது? நீ நடந்ததை நான் நடந்ததாகச் சொல்லி, உன்னை வேண்டாம் என்ற மலைக்கு நான் போகப் போகிறேன் என்றா? சொல்லாமலே விட்டேன்.

ஞாயிறு காலை அக்கா வீட்டு முன்னால் மூன்று காரில் வந்து இறங்கினார்கள். கலர் கலராகச் சப்பாத்து, தொப்பி, முதுகில் தண்ணீர்ப் பை. வாசலில் நின்று சார் குனிந்து நிமிர்ந்து உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அப்போது அக்கா வேலை உடுப்பில் வெளியே வந்தாள். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, இத்தனை வாரப் பழக்கத்தில், இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

"கொண்டா தம்பி, கட்டிவிடு. நேரமாச்சு."

சார் நிமிர்ந்து, பக்கத்துப் பையனைப் பார்த்துக் கணக்கு எழுதியவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"எத்தனை கிழமையா இவட கையில கட்டுறீர்?"

"நாலு வாரமாச்சுங்க சார்," என்று அக்காவே பதில் சொன்னாள். "இவனோட வாட்சு சரியா ஓடுதான்னு பாக்குறோம். நல்லாத்தான் ஓடுது."

குழுவில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பெர்மிட் பட்டியலை எடுத்தார், பேனாவால் என் பெயரை அடித்தார்.

"இதயத் துடிப்பு நூற்றுப் பத்து," என்றார் அக்காவைப் பார்த்து. "உங்களுக்கு வயசு என்னம்மா?"

"அம்பத்தெட்டு."

"லேடாங் ஏற வாறீங்களா? ஒரு இடம் இருக்கு."

அக்கா சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "எனக்கு முட்டி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கொடியருகே அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் சிரித்ததால் அவளும் சிரித்து வைத்திருக்கிறாள். அவள் கால்களை நான்கு வாரம் கடன் வாங்கியவன், அந்தக் கால்களைத்தான் கிண்டல் செய்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போக்கா," என்றேன். "முட்டின்னு நான் சும்மா சொன்னது. என்னைவிட நீ நல்லா ஏறுவ. வாட்சே சொல்லுது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சாரிடம் தன் முழுப்பெயரையும் ஐ.சி. அடையாள அட்டை எண்ணையும் ஒப்பித்தாள். பிறகு வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். குழு அவள் பின்னாலேயே போய், ஒரு மணி நேரம் பழம் பொறுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

மலை ஏறிய நாளில் நான்தான் டிரைவர். ஆசஹான் வழியாகப் போய் அடிவாரத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டேன். என் மகளின் விலையுயர்ந்த சப்பாத்தை அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. தோட்டத்துக்குப் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் போட்டிருந்தாள். வாட்ச் அவள் கையில். அன்று முழுக்க என் வெறும் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தேன். புளிச்சோற்றைத் தின்று, காரில் தூங்கி, எழுந்து, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். ஏதாவது ஆனால் அத்தானுக்கு என்ன பதில் சொல்வது?

மதியம் சார் ஒரு படம் அனுப்பினார். உச்சியில் அக்கா, இடுப்பில் ஒரு கை, கேமராவைப் பார்க்காமல் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "முதல் ஆளாக ஏறினவ," என்று எழுதியிருந்தார். நான் அடிவாரத்தில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஐந்து மணிக்கு இறங்கி வந்தார்கள். சட்டையெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம வீடு தெரியுதான்னு பாத்தேன் தம்பி. தெரியல. எல்லாம் ஒரே செம்பனையாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. சார் எல்லார் முன்னாலும் அவளுக்குக் கைகொடுத்து, அடுத்தது பகாங் பக்கம் ஒரு மலை, உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதுவேன் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நேராக நடந்து வந்து காரில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினாள்.

"முட்டி உயிர் போவுதுடா."

"ஐயோ. சார்கிட்ட சொல்லவா?"

"வாயத் தொறந்த, பாத்துக்க. அப்புறம் அடுத்த மலைக்குச் சேக்க மாட்டாரு." கையைத் தூக்கி வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முட்டி வலிக்குதுன்னு இது காட்டிக் குடுக்குமா?"

"காட்டாதுக்கா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு முட்டியை நீவிக்கொண்டே, ஜன்னல் வழியாகச் சாருக்குக் கையசைத்தாள்.